சாணக்யபுரி அசோக் ஓட்டலைக் குத்தகைக்கு விடலாமா?

கணக்குப்புலி:
டெல்லிக்காரர்களுக்குத் தெரிந்த கட்டடம்தான். சாணக்யபுரியில், தூதரகங்களுக்கு நடுவே, மத்திய அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகமான ஐடிடிசி நடத்தும் அசோக். 550 அறைகள், இருபது ஏக்கருக்கு மேல் நிலம். 2021 ஆகஸ்டில் வெளியான தேசியப் பணமாக்கல் திட்டத்தில் ஐடிடிசியின் 8 ஓட்டல்களைச் சேர்த்தார்கள். அதில் இதுதான் பெரியது (நம்ம புதுச்சேரி அசோக்கும் அதே பட்டியலில் உண்டு). நிலம் அரசிடம் இருக்கும், நடத்துவது மட்டும் நீண்ட காலக் குத்தகையில் தனியாருக்கு என்பது யோசனை.

நான் விடலாம் என்கிறேன். 2023 ஜி20 மாநாட்டுக்கு வந்த பைடன் ஐடிசி மௌரியாவில் தங்கினார். சீனப் பிரதமர் லி சியாங் தாஜ் பேலஸில். ரிஷி சுனக் ஷாங்ரி-லாவில். மூன்றும் தனியார் ஓட்டல்கள். அதிலும் அந்த ஷாங்ரி-லா, ஒரு காலத்தில் இதே ஐடிடிசியின் கனிஷ்கா! அரசு கையை விட்டுப் போன பிறகுதான் பிரிட்டிஷ் பிரதமர் தங்கும் இடமாகியது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

முனிர்காவாசி:
தம்பி, கனிஷ்காவைச் சொன்னவர் உதய்ப்பூரை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஐடிடிசி ஓட்டல்களை அரசு விற்ற அதே அலையில் 2002இல் அங்கிருந்த லட்சுமி விலாஸ் பேலஸ் ஓட்டல் 7.52 கோடிக்குப் போனது. ஏரிக்கரையில், ஏக்கர் கணக்கில் நிலத்தோடு. 2020இல் ஜோத்பூர் சிபிஐ நீதிமன்றம் அதன் மதிப்பு 252 கோடி இருக்கும் என்று சொல்லி வழக்குப் பதியச் சொன்னது. உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்த நாட்டில் அரசு ஓட்டலுக்கு விலை போடுகிற அழகு எப்படி என்று அந்த இரண்டு எண்களைப் பார்த்தாலே தெரிகிறது.

அசோக் சும்மா எழும்பியதல்ல. 1956 நவம்பரில் யுனெஸ்கோவின் ஒன்பதாவது பொது மாநாடு டெல்லியில் நடந்தது. உலகம் முழுவதிலிருந்தும் வருகிறவர்களைத் தங்கவைக்க ஊரில் இடம் போதாது. நேரு அரசு கட்டியது. 1959இல் சே குவேரா டெல்லிக்கு வந்தபோது தங்கியதும் இங்கேதான். மௌரியா வந்தது 1977இல். அதுவரை இந்தப் பேட்டைக்கு விருந்தோம்பல் என்றால் அசோக்தான்.

கணக்குப்புலி:
சார், சே குவேரா தங்கியதால் இன்றைக்கு யாரும் ரூம் போடுவதில்லை. உதய்ப்பூர் விற்பனை. இது குத்தகை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். விற்றதெல்லாம் கெட்டுப்போனது என்றும் இல்லை. மாமல்லபுரத்தில் டெம்பிள் பே அசோக் இருந்ததே, ஜிஆர்டி வாங்கியது, இன்று ராடிசன் ப்ளூ. கடற்கரை ஓரமாக அது இப்போது எப்படி இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

சும்மா_இரு:
ஒரே ஒரு சந்தேகம். குத்தகைக்கு விட்டால் உள்ளே இருக்கிற சாகர் ரத்னா உணவகத்தின் தோசைக்கு என்ன ஆகும்? :)

முனிர்காவாசி:
அதற்கும் ஏலம் விடுவார்கள்.

பாங்க்வெட்_பொண்ணு:
டெல்லியில் ஒரு ஐந்து நட்சத்திர ஓட்டலின் பாங்க்வெட் (விருந்து, கல்யாண அரங்கு) விற்பனையில் பல வருடங்களாக இருக்கிறேன். (எது என்று கேட்காதீர்கள், சோறு போடுகிற இடம்.) நீங்கள் இருவரும் அறைகளைப் பற்றியே பேசுகிறீர்கள்.

சாணக்யபுரி ஓட்டலின் பிழைப்பு வேறு மாதிரி. ஒரு நாட்டின் அதிபர் வருகிறார் என்றால் முன்கூட்டியே அவர்களுடைய பாதுகாப்புக் குழு வந்து உட்கார்ந்துவிடும். மாடிமாடியாக மொத்தமாக எடுப்பார்கள், லிஃப்ட் ஒன்றைத் தனியாகக் கேட்பார்கள், சமையலறைக்குள் தங்கள் ஆளை நிறுத்துவார்கள். பெயரும் புகழும் கிடைக்கும், ஆனால் அந்த நாட்களில் மற்ற விருந்தினர்கள் சோதனைக்குப் பயந்து ஓடிவிடுவார்கள். வாரநாட்களில் கம்பெனிக்காரர்கள், தூதரகங்களுடன் போட்ட ஆண்டு ஒப்பந்த விலை, தேசிய தின வரவேற்புகள். இவை ஓட்டலை நிரப்பும். லாபம் வருவது எங்கே தெரியுமா? கல்யாணத்தில். நவம்பர் முகூர்த்த நாட்களில் டெல்லியில் புல்வெளியோடு ஒரு ஓட்டல் கிடைப்பது குதிரைக்கொம்பு.

அசோக்கிடம் தூண் இல்லாத ஒரு பெரிய மாநாட்டு அரங்கு இருக்கிறது, புல்வெளியும் இருக்கிறது. மற்ற ஓட்டல்காரர்களுக்குக் கண் அதன் மேல்தான். பழைய அறைகளைச் செலவு செய்தால் புதுப்பித்துவிடலாம். அவ்வளவு நிலத்தை இனி யார் சாணக்யபுரியில் கொடுப்பார்கள்?

கணக்குப்புலி:
நான் சொல்வதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள். இவ்வளவு நல்ல சொத்தை அரசு தூங்கவைத்திருக்கிறது. வாடிக்கையாளர் யார் என்று பாருங்கள். லோக்பால் அமைப்புக்கு 2019இல் சொந்த அலுவலகம் இல்லாததால் அசோக்கிலேயே அறைகள் எடுத்தார்கள். மாத வாடகை சுமார் 50 லட்சம், ஆகஸ்ட் முடிய 2.85 கோடி கட்டினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் வெளியே வந்தது. பக்கத்து சாம்ராட் ஓட்டலிலும் அரசு அலுவலகங்கள். அரசின் இடது பையிலிருந்து வலது பைக்குப் பணம் மாற்றுவதற்குப் பெயர் ஓட்டல் வியாபாரமா? ஊழலைப் பிடிக்க வந்த அமைப்பு ஐந்து நட்சத்திர ஓட்டலில் உட்கார்ந்த வேடிக்கையைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

முனிர்காவாசி:
இடது பையிலிருந்து வலது பைக்குப் போனால் பணம் வீட்டிலேயே இருக்கிறது. தனியார் கையில் இருந்திருந்தால் அந்த 2.85 கோடி வெளியே போயிருக்கும். ஐடிடிசியில் அரசின் பங்கு 87 சதவீதம். சுமார் 8 சதவீதம் யாரிடம் என்று தெரியுமா? தாஜ் நடத்தும் இந்தியன் ஓட்டல்ஸிடம். போட்டிக்காரரே பங்குதாரர்! ஒன்றுக்கும் உதவாத கம்பெனி என்றால் அவர்கள் ஏன் வைத்திருக்கிறார்கள்?

தனியார் என்றால் கெட்டிக்காரர் என்று நினைப்பவர்களுக்கு அதே தெருக்களிலேயே பாடம் இருக்கிறது. லீலா பேலஸ். 2007இல் ஏலத்தில் 3 ஏக்கர் நிலத்தை 611 கோடிக்கு எடுத்தார்கள். 2011இல் திறந்தார்கள், கேரளக் குடும்பம் ஒன்று கட்டி எழுப்பிய பெயர். கடன் கழுத்தை நெரித்தது. கடைசியில் 2019இல் டெல்லி, சென்னை, பெங்களூரு, உதய்ப்பூர் என்று நான்கு ஓட்டல்களையும் ஆக்ராவில் ஒரு நிலத்தையும் 3,950 கோடிக்குக் கனடாவின் புரூக்ஃபீல்டிடம் கொடுத்தார்கள்.

கணக்குப்புலி:
அந்த ஓட்டல் மூடப்பட்டதா? இல்லையே. முதலாளி மாறினார், ஓட்டல் முன்னைவிட நன்றாக ஓடுகிறது, 2025இல் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. நட்டம் அந்தக் குடும்பத்துக்கும் கடன் கொடுத்தவர்களுக்கும். அரசுக்கு 611 கோடி அன்றைக்கே வந்துவிட்டது. எனக்கு வேண்டியதும் அதுதான்: சூதாடுவது அவர்கள் பணத்தில் நடக்கட்டும்.

பாங்க்வெட்_பொண்ணு:
கடன் கொடுத்தவர்களில் அரசு வங்கிகளும் உண்டு, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் புலி சார்.

எனக்கு இரண்டு பக்கமும் முழுதாக ஒப்பவில்லை. மான்சிங் சாலை தாஜ் மஹால் ஓட்டலைப் பாருங்கள். நிலமும் கட்டடமும் புது டெல்லி நகராட்சியான என்டிஎம்சி உடையது, நடத்துவது டாடா. 33 வருட உரிமம் 2011இல் முடிந்தது. 2018 ஏலத்தில் மொத்த வருமானத்தில் 32.5 சதவீதம் தருகிறோம் என்று சொல்லி அவர்களே மறுபடி எடுத்தார்கள். குறைந்தபட்சம் மாதம் 7.03 கோடி. ஓட்டல் நன்றாக ஓடினால் அரசுக்கும் ஏறும், படுத்துவிட்டாலும் மாதத் தொகை வந்துவிடும். லாபத்தில் பங்கு என்று எழுதினால் செலவைக் கூட்டிக் காட்டி லாபத்தைக் கரைத்துவிடுவார்கள். வருமானத்தில் பங்கு என்றால் அந்த வேலை எடுபடாது. அசோக்குக்கும் இப்படி எழுதலாமே?

முனிர்காவாசி:
அம்மா, நல்ல உதாரணம். ஆனால் உரிமம் முடிந்ததிலிருந்து ஏலம் வரை ஏழு வருடம். நடுவில் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 33 வருட உரிமத்துக்கே இப்படி என்றால், நீண்ட காலக் குத்தகை முடியும்போது யார் போய் யாரிடம் சாவி கேட்பது? கையெழுத்துப் போட்ட அதிகாரியும் இருக்க மாட்டார், நானும் இருக்க மாட்டேன்.

சும்மா_இரு:
வேலை செய்கிறவர்களைப் பற்றி யாருமே வாயைத் திறக்கவில்லையே.

பாங்க்வெட்_பொண்ணு:
கேட்டது நல்லது. புது நிர்வாகம் வந்தால் முதலில் கைவைப்பது நிரந்தரப் பணியாளர்கள் மேல்தான். விருப்ப ஓய்வு கொடுப்பார்கள், அந்த இடத்துக்கு ஒப்பந்தத்தில் பசங்களைப் போடுவார்கள். எங்கள் துறையில் கல்யாண சீசனுக்கு மட்டும் தினக்கூலிக்கு வரும் சர்வர்கள் இப்போதே ஏராளம். இத்தனை வருடத்துக்கு யாரையும் நீக்கக் கூடாது என்று குத்தகைப் பத்திரத்தில் எழுதினால் ஒழிய நடக்காது.

இன்னொன்றும் எழுத வேண்டும். அந்த மாநாட்டு அரங்கு வருடத்தில் இத்தனை நாள் அரசுக்கு, அதுவும் நவம்பரிலும் பிப்ரவரியிலும் சேர்த்து என்று. இல்லாவிட்டால் அரசு நிகழ்ச்சிக்குத் தேதி கேட்டால் கல்யாணம் இருக்கிறது என்பார்கள்.

கணக்குப்புலி:
முகூர்த்த நாட்களை அரசுக்கு ஒதுக்கச் சொன்னால் ஏலத்தொகை பாதியாகிவிடும்.

முனிர்காவாசி:
ஆகட்டும்.