சிப்பிப்பாறை நாயோடு கண்மாய்க் கரையில் ஓடலாமா?

கேட்டவர்: நாகமலை ஓட்டம்

வணக்கம். மதுரை நாகமலை புதுக்கோட்டையில் இருக்கிறேன். மூன்று வருடமாகக் காலையில் ஓடுகிறேன். வீட்டில் பத்து மாதச் சிப்பிப்பாறைப் பெட்டை நாய் இருக்கிறாள், பெயர் சந்தனம். இதுவரை தெருவில் நடை மட்டும்தான். இனி ஓட்டத்துக்கும் கூட்டிப்போக ஆசை. கீழக்குயில்குடி வரை போய், சமணர் மலை அடிவாரத்தைத் தொட்டு, கண்மாய்க் கரை, வண்டிப்பாதை என்று சுற்றி வந்தால் பத்து கிலோமீட்டர் வரும். போன ஞாயிறு இரண்டு கிலோமீட்டர் ஓடவிட்டுப் பார்த்தேன். நாக்கு தொங்கிவிட்டது, ஆனாலும் நிற்கவே மாட்டேன் என்கிறாள். அதைப் பார்த்துத்தான் பயம் வந்தது. எந்த வயதில் தொடங்கலாம்? கயிறு வேண்டுமா, அவிழ்த்து விடலாமா?

பதில்: கரிச்சான் வீடு

தம்பி, உங்கள் பயம் சரியான பயம். என்னிடம் இருப்பது கன்னி இன நாய், பெயர் கரிச்சான். ஆறு வருடமாக என்னோடு ஓடுகிறான். இந்த இனங்கள் தாமாக நிற்காது. நாம்தான் நிறுத்த வேண்டும்.

பத்து மாதம் ரொம்பச் சீக்கிரம். கால் எலும்பின் நுனிகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். ஒன்றரை வயது வரை நடையும், அவளாகத் துள்ளி விளையாடுவதும் போதும். பத்து கிலோமீட்டர் எல்லாம் அப்புறம்.

வெயில் விஷயத்தில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். ஒரு பங்குனி மாதம், காலை ஏழரைக்குக் கிளம்பினேன். மூன்றாவது கிலோமீட்டர் வரை எனக்கு முன்னால்தான் ஓடினான். அப்புறம் பின்னங்கால் இரண்டும் லேசாகப் பின்னியது. குனிந்து பார்த்தால் நாக்கு கரண்டி மாதிரி அகன்று தொங்குகிறது, ஈறு செங்கல் நிறத்தில் இருக்கிறது. கையிலிருந்த அரை லிட்டர் தண்ணீரை வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்றிவிட்டு, தோளில் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தோட்டத்து பம்புசெட்டுக்கு ஓடினேன். தொட்டித் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றியபிறகுதான் கண் நிலைக்கு வந்தது. அதற்கப்புறமும் மருத்துவரிடம் போனபோது உடல் சூடு 40 டிகிரி செல்சியஸுக்கு மேல். நாய்க்குச் சாதாரணமாக 39-ஐ ஒட்டித்தான் இருக்கும். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும், அதற்கு பாதத்தில் மட்டும்தான். மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். இப்போதெல்லாம் மாசி முதல் ஆவணி வரை ஐந்தேகாலுக்குக் கிளம்பி, வெயில் ஏறுமுன் வீட்டில் இருப்போம். தார்ச்சாலையைக் கடக்க வேண்டியிருந்தால் புறங்கையை வைத்துப் பார்ப்பேன்.

ஓடுவதற்கு முன் சோறு போடாதீர்கள். நெஞ்சு ஆழமான நாய், வயிறு முறுக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகட்டும்.

கயிறு கட்டாயம். கழுத்துப்பட்டையில் கட்டாதீர்கள், தலை சிறியது, பின்வாங்கி உருவிக்கொள்ளும். மார்புப்பட்டை போட்டு, இழுவைக் கயிற்றை உங்கள் இடுப்பு பெல்ட்டில் மாட்டுங்கள். முயல் ஒன்று கண்ணில் பட்டால் போதும், நீங்கள் கூப்பிடுவது காதிலேயே விழாது. 1972 வனவிலங்குச் சட்டப்படி முயல் பிடிப்பது குற்றம் என்பது ஒருபக்கம். அதைவிட, சீமைக்கருவேலம் மூடிக் கிடக்கும் மொட்டைக் கிணறுகள் இங்கே நிறைய. கரிச்சானோடு பிறந்தவன் அப்படி ஒரு கிணற்றில்தான் போனான்.

பதில்: கீழக்குயில்குடிப் பக்கம்

எங்கள் வீட்டில் நாற்பது ஆடு. காலையில் அதே கண்மாய்க் கரையில்தான் என் அம்மா ஓட்டிப்போவார். போன வருடம் யாரோ அவிழ்த்துவிட்ட நாய் துரத்தி, இரண்டு சினையாடுகளுக்குக் கரு கலைந்துவிட்டது. நாய் கடிக்கவில்லை, வெறுமனே துரத்தியதுதான். மந்தை எதிரே வந்தால் ஓட்டத்தை நிறுத்தி, நாயைக் காலோரம் பிடித்துக்கொண்டு ஒரு குரல் கொடுங்கள். அம்மாவே ஒதுக்கி வழிவிடுவார். கிடை நாய் குரைத்துக்கொண்டு வந்தால் திரும்பி ஓடாதீர்கள், மெல்ல நடந்து விலகுங்கள்.

அய்யனார் கோயில் ஆலமரத்தடியோடு திரும்பிவிடுங்கள். மலைமேல் தீர்த்தங்கரர் சிற்பமும் வட்டெழுத்துக் கல்வெட்டும் இருக்கிற பாதுகாக்கப்பட்ட இடம். நாயோடு ஏற வேண்டாம்.

பதில்: திருமங்கலம் அக்கா

வீட்டுக்கு வந்ததும் டார்ச் அடித்து ஒவ்வொரு விரலிடுக்கையும் விரித்துப் பாருங்கள். நெருஞ்சி கண்ணுக்குத் தெரியும், எடுத்துவிடலாம். சீமைக்கருவேல முள் உள்ளேயே ஒடிந்து நிற்கும், மேலே கரும்புள்ளி மட்டும் தெரியும். என் ராஜபாளையம் நொண்டவே இல்லை. படுத்தபடி ஒரே இடத்தை நக்கிக்கொண்டே இருந்தான், அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். காது மடலுக்குள்ளும் பாருங்கள், உண்ணி அங்கேதான் ஒட்டும். வெறிநாய்த் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள்.

விரியன் கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். விஷமுறிவு மருந்து உங்கள் பக்கத்தில் எந்தக் கால்நடை மருத்துவரிடம் இருக்கிறது என்று இன்றைக்கே கேட்டு, எண்ணை போனில் போட்டுவையுங்கள்.

கேட்டவர்: நாகமலை ஓட்டம்

ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. அம்மாவின் ஆடுகளைப் பற்றிச் சொன்னவருக்கும். உங்கள் பதிலைப் படித்துவிட்டு சந்தனத்தின் பாதத்தை விரித்துப் பார்த்தேன், முன்னங்காலில் ஒரு நெருஞ்சி இருந்தது. எடுத்துவிட்டேன். நாளை ஐந்தேகாலுக்கு மார்புப்பட்டையோடு கண்மாய் மதகு வரை நடை மட்டும்.