பிளானட்டேரியன்: தெரிவு எதுவும் இல்லாத விளையாட்டு

உப்புவெளியிலிருந்து ஓர் உறுப்பினர்:

விளையாட்டு என்றால் ஓட வேண்டும், சுட வேண்டும், குறைந்தது இரண்டு வழிகளில் ஒன்றையாவது தெரிவு செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு 'பிளானட்டேரியன்' ஏமாற்றத்தையே தரும். ஜப்பானின் 'கீ' நிறுவனம் 2004இல் வெளியிட்ட இந்தச் சிறிய விஷுவல் நாவலில் (படங்களும் இசையும் குரலும் சேர, திரையில் வாசித்துச் செல்லும் கதை), அடுத்த வரியைக் காண மௌஸை அழுத்துவதைத் தவிர நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை. கிளைக்கதையும் கிடையாது, மாற்று முடிவும் கிடையாது. ஆனால் எத்தனையோ பெரிய விளையாட்டுகள் தராத பாரத்தை இது என் மனத்தில் ஏற்றியது.

போரால் மக்கள் கைவிட்டுப்போன நகரம் ஒன்றில் மழை ஓய்வதே இல்லை. பழைய பொருட்களைத் தேடி அலையும் ஒருவன், ஒரு பல்பொருள் அங்காடியின் மேல்தளத்திலுள்ள கோளரங்கத்துக்குள் ஒதுங்குகிறான். ஹோஷினோ யுமேமி என்ற வழிகாட்டி ரோபோ அங்கே ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகப் பார்வையாளருக்காகக் காத்திருக்கிறது. போர் நடந்ததையே அறியாத அது, அவனை இருபத்தைந்து இலட்சமாவது வாடிக்கையாளர் என்று வரவேற்று, குப்பையில் கிடைத்தவற்றால் கட்டிய பூச்செண்டைக் கொடுக்கிறது. அதன் ஓயாத பேச்சு அவனுக்கு எரிச்சலூட்டுகிறது; வாசித்த எனக்கும் எரிச்சலூட்டியது.

அந்த எரிச்சல் எனக்குப் பழகியதுதான். எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியம்மா, வெளிநாடு போய்விட்ட அயலவர்களின் வீட்டுத் திறப்பை முந்தானையில் முடிந்துவைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமைதோறும் அந்த முற்றத்தைக் கூட்டி விளக்கேற்றி வந்தார். "இனி ஆர் வரப்போகினம், பெரியம்மா?" என்று நாங்கள் கேட்போம். "வந்தால் வீடு இருட்டாக இருக்கக்கூடாதல்லோ" என்பார். யுமேமியின் ஒவ்வொரு அசட்டு வாக்கியத்துக்குப் பின்னாலும் எனக்கு அவருடைய குரலே கேட்டது. (ரோபோவோடு ஒப்பிட்டதைக் கேள்விப்பட்டால் கட்டாயம் ஏசுவார்.)

என்னை உலுக்கிய இடம் முடிவன்று. பழுதுபார்க்கப்பட்ட கோளரங்க ஒளிவீச்சுக் கருவி விண்மீன்களைக் காட்டத் தொடங்கிச் சிறிது நேரத்தில் மின்சாரம் போய்விடுகிறது. அவன் தொடரச் சொல்கிறான். யுமேமி இருட்டில், குரலால் மட்டும், வானத்தை விவரித்துக்கொண்டே போகிறது. திரையிலும் நமக்குக் காட்ட ஒன்றுமில்லாமல் போக, அதுவரை வெறும் அழகுக்காக இருந்த படங்களின் வேலையை நம் கற்பனையே எடுத்துக்கொள்கிறது. அசையாத படங்களையும் எழுத்தையும் மட்டுமே நம்பிய ஒரு வடிவத்தால்தான் இதைச் செய்ய முடியும் என்று நினைக்கிறேன்.

முடிவைப் பற்றியும் சொல்லப் போகிறேன்; வாசிக்காதவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிவிடுங்கள். அவனை வழியனுப்பக் கூடவே வெளியே வரும் யுமேமி, ஒரு போர் இயந்திரத்தால் சிதைக்கப்படுகிறது. "போகாதே" என்று சொல்ல ஒரு பொத்தானாவது இருந்திருந்தால், நான் தவறாகத் தெரிவு செய்தேன், அடுத்த முறை காப்பாற்றிவிடலாம் என்று மனத்தைத் தேற்றியிருக்கலாம். அந்த ஆறுதலை இக்கதை தருவதில்லை. அடுத்த வரியில் நடக்கப்போவது தெரிந்திருந்தும் அழுத்துவது நம் விரல்தான். அழுத்தாமல் விட்டால் அது மழையில் அப்படியே நிற்கும், அவ்வளவுதான்.

தம்பலகாமத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

அக்கா, நான் இதை 2022இல், இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் வாசித்தேன். ஆகவே நீங்கள் சொன்ன இருட்டுக் காட்சியைப் பற்றி எனக்கு மறுப்பில்லை. பாடசாலைச் சுற்றுலாவில் கொழும்புக் கோளரங்கத்துக்குப் போனபோது, விளக்குகள் அணைந்ததும் கூச்சலிட்ட நாங்கள் அத்தனை பேரும், முதல் விண்மீன்கள் தோன்றியதும் வாய் மூடிப் போனோம். அந்த அமைதிக்காகவே யுமேமி முப்பது ஆண்டுகள் காத்திருந்தது என்று எனக்குப் பட்டது.

ஆனால் கடைசிப் பகுதியில் எனக்குக் குறை உண்டு. மனிதருக்கும் ரோபோக்களுக்கும் சொர்க்கத்தை இரண்டாகப் பிரித்துவிட வேண்டாம் என்று யுமேமி வேண்டும் இடம் தன்னளவிலேயே போதுமானது. அதன்மேல் இசையையும் நினைவுக் காட்சிகளையும் அடுக்கி, "இப்போது அழு" என்று தோளைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டியதில்லை. நான் அழுதேன் என்பது வேறு விடயம்.

உப்புவெளி உறுப்பினர்:

தம்பி, இசையைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. நினைவுக் காட்சிகளை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். எரிச்சலோடு நாம் கடந்துவந்த பேச்சுகளுக்கெல்லாம் அங்கேதான் கணக்குத் தீர்கிறது. மறுபடி வாசிப்பதானால், அமைப்புகளில் இசையின் ஒலியளவை நன்றாகக் குறைத்துவிட்டுக் குரலை மட்டும் வைத்திருங்கள். யுமேமிக்குக் குரல் கொடுத்த சுசுகி கெய்கோ அந்த வேண்டுதலைப் பேசும் விதத்துக்கு வேறு துணை தேவையில்லை.