குட்டி சைஸ் டாரன்டுலா சிலந்தி வளர்க்கிறவங்க இருக்கீங்களா? உங்க ஃபேவரைட் எது?

எட்டுக்கால்_ராசா:

வணக்கம் மக்களே. லண்டன் ஈஸ்ட்ஹாம்ல ஒரு ரூம் எடுத்து இருக்கேன், ரூம்னு சொல்றது ஒரு மரியாதைக்கு, கட்டில் போட்டதுக்கு அப்புறம் கதவு பாதிதான் தொறக்குது. ரெண்டு வருஷமா ஒரு கர்லி ஹேர் டாரன்டுலா வளர்க்கிறேன், பேரு செல்லாத்தா, நல்லா தின்னும், மத்த நேரமெல்லாம் பொந்துக்குள்ள கும்முனு உக்காந்திருக்கும், அவ்ளோதான் அதோட பொழப்பு. இப்ப இன்னொண்ணு வாங்கணும்னு கை அரிக்குது (அது ஒதறுற அரிப்பு முடி பட்டு இல்ல, நெசமாவே ஆசைல). ஆனா இன்னொரு முப்பது சென்டிமீட்டர் டப்பா வைக்க மேசைல எடமே இல்ல, அதான் ட்வார்ஃப், அதாவது வளந்தாலும் குட்டியாவே இருக்கிற வகைங்க பக்கம் பாத்துட்டு இருக்கேன்.

லைசென்ஸ் கிய்சென்ஸ்னு யாரும் கெளப்ப வேணாம், இங்க 1976 டேஞ்சரஸ் வைல்ட் அனிமல்ஸ் ஆக்ட் லிஸ்ட்ல டாரன்டுலா கிடையாது. வீட்டு ஓனர் ஆன்ட்டிக்கு செல்லாத்தாவ தெரியும், ரெண்டாவது வந்தா நான்தான் பக்குவமா சொல்லணும், அது என் பாடு.

என் சந்தேகம் என்னன்னா, குட்டி வகைன்னா வளர்க்கிறதும் ஈஸியா, இல்ல சைஸ் மட்டும்தான் குட்டியா? யூடியூப்ல எத பாத்தாலும் பிகினருக்கு சூப்பர்ங்கிறான். கையால வளர்த்தவங்க சொல்லுங்க. கொஞ்சமாச்சும் வெளிய வந்து மொகம் காட்டுற மாதிரி இருந்தா தேவல, மண்ணு டப்பாவுக்கு சோறு போட்ட அனுபவம் ஏற்கனவே நெறைய இருக்கு.

வலைக்காரி_டோர்ட்முண்ட்:

வணக்கம் தம்பி. நான் ஜெர்மனியில இருக்கிறன், ஒன்பது வருசமா வளக்கிறன், இப்ப வீட்டில பதினாலு உருப்படி, அதில பத்து குட்டி இனம்தான். என்ர செல்லம் எண்டா யோசிக்கவே வேண்டாம், சிரியோகாஸ்மஸ் எலிகன்ஸ். ட்ரினிடாட், டொபாகோ, வெனிசுவேலா பக்கத்து ஆள். முழுசா வளந்த பொம்பிளையே காலை விரிச்சு வச்சாலும் ஒரு தீப்பெட்டி நீளம்தான் வருவா. தலைப்பக்கத்து ஓடு செம்பு நிறம், வயித்தின்ர ரெண்டு பக்கமும் புலிக்கோடு, மேல இதயம் கீறின மாதிரி ஒரு குறி, அவ்வளவு வடிவு. பத்து சென்டிமீட்டர் சதுரப் பெட்டி ஒண்டு காணும், உங்கட மேசையில தேத்தண்ணிக் கோப்பை பிடிக்கிற இடம். பகலில பொந்துக்குள்ள கிடப்பா, லைட்டை நிப்பாட்டின கையோட வாசலுக்கு வந்திடுவா.

ஆனா ஒண்டு, குஞ்சா மட்டும் வாங்காதேங்கோ. நான் முதன்முதல் இங்க ஹம் எண்ட ஊரில நடக்கிற தெர்ராரிஸ்டிக்கா எண்ட பாம்பு, சிலந்திச் சந்தையில (வருசத்துக்கு நாலு தரம் நடக்கும், ஒருக்கா எண்டாலும் போய்ப் பாக்க வேணும்) மூண்டு எலிகன்ஸ் குஞ்சு வாங்கினன். ஒவ்வொண்டும் கடுகுக்கு கால் முளைச்ச மாதிரி, ரெண்டு மூண்டு மில்லிமீட்டர்தான் வரும். மூடியில ஊசியை சூடாக்கித்தான் ஓட்டை போட்டனான், அப்பிடியும் ஒண்டு அதுக்குள்ளால போட்டுது, இண்டைக்கு வரைக்கும் கண்டுபிடிக்கேல்லை. ரெண்டாவதை ஹீட்டருக்கு மேல இருந்த தட்டில வச்சிட்டு வேலைக்குப் போயிட்டன், ரெண்டு நாளில மண் காஞ்சு, குஞ்சும் காஞ்சு போச்சு. அந்த சைசில அதுகளின்ர உடம்பில தண்ணி எண்டு எவ்வளவு இருக்கப்போகுது சொல்லுங்கோ.

மூண்டாவதுக்கு பழ ஈயே பெரிசாத் தெரிஞ்சுது, பயந்து உள்ளுக்கு ஓடுது. அப்ப ஒரு கிரிக்கெட் பூச்சியின்ர தொடையை ட்வீசரால முறிச்சு, வெள்ளைச் சதை தெரியிற பக்கத்தை வலைக்கு கிட்ட வச்சிட்டுப் படுத்தன். விடிய எழும்பிப் பாத்தா தொடை வச்ச இடத்தில இல்லை, ஒரு விரல்கடை தள்ளிக் கிடக்குது, சுத்திவர பஞ்சு மாதிரி வலை, அதுக்கு மேல அந்தக் கடுகு குந்தியிருக்குது. நான் சமையலறையில தனிய நிண்டு கை தட்டினன். அவதான் இப்பவும் இருக்கிறா, நாலு வருசம் ஆச்சு.

அதால குட்டி இனம் லேசு எண்டு சொல்லுறவை எல்லாம் வளந்ததை வாங்கினவை. நீங்களும் ரெண்டு சென்டிமீட்டராவது தாண்டினதா பாத்து வாங்குங்கோ. மண்ணில ஒரு பக்கம் ஈரம் இருக்க வேணும், மற்றப் பக்கம் காஞ்சு இருக்கலாம், எது வேணும் எண்டு அவவே பாத்துக் கொள்ளுவா.

சாண்ட்லர்_பாண்டி:

அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. கடுகுக்கு கால் முளைச்ச மாதிரின்னு சொன்னீங்க பாருங்க, சிரிச்சுட்டேன்.

நான் அரிசோனால இருக்கேன், ஊரு மதுரை. என் ஓட்டு ஹோமியோம்மா சிலென்சேவுக்கு. சிலி நாட்டுது, 2018லதான் முறையா பேரே வச்சாய்ங்க, அதுக்கு முன்னாடி வளர்க்கிற ஆளுகெல்லாம் யூஅத்லஸ் ரெட்டுன்னே சொல்லிக்கிட்டு திரிஞ்சோம், இப்பவும் பழைய ஆளுக அப்படித்தான் சொல்வாய்ங்க. எலிகன்ஸ விட கொஞ்சம் பெருசு, ஒரு ஏழு எட்டு சென்டிமீட்டர் வரும், கருப்பு ஒடம்பு, வயித்துல தீ மாதிரி செவப்பு. ஆனா அழக விட அதோட கொணந்தான் விசேஷம். டப்பாவ தொறந்தா ஓடாது, முடிய ஒதறாது, என்னடா ராசான்னு கேக்குற மாதிரி ஒரு கால மெதுவா தூக்கி ட்வீசர தொட்டுப் பாக்கும். எட்டு வருசத்துல என்கிட்ட இருந்ததுலயே இத்தன சாதுவ நான் பாத்ததில்ல.

கொறைன்னா, ரொம்ப மெதுவா வளரும். குட்டியா வாங்கினா தம்பி உனக்கு கல்யாணமாகி பிள்ள பள்ளிக்கூடம் போயிரும், அது அப்பவும் ரெண்டு இஞ்சுதான் இருக்கும். தோல் உரிக்கிறதுக்கு முன்னாடி மாசக்கணக்குல பட்டினி கெடக்கும், பொந்து வாசல மூடிக்கும், நீ பதறக்கூடாது, தண்ணி கிண்ணத்துல மட்டும் தண்ணி இருக்கான்னு பாத்துக்க. ஒருக்கா மல்லாந்து கெடந்துச்சுன்னு நான் செத்துப்போச்சுன்னு நெனச்சு பேப்பர்ல மடிச்சு எடுக்கப் போயிட்டேன், நல்லவேளை ஒரு கால் அசைஞ்சுச்சு. மல்லாந்து படுத்தா அது சட்டைய கழட்டுதுன்னு அர்த்தம், சாகப்போறது மல்லாக்க படுக்காது, கால மடக்கிக்கிட்டு கவுந்துதான் கெடக்கும். வெலை எவ்வளவுங்கிறத விட காட்டுல பிடிச்சதா வீட்டுல பொரிச்சதான்னு கேட்டு வாங்கு, சிலில இருந்து காட்டுப் பிடி நெறைய வந்துச்சு.

இன்னொண்ணு, வாங்குறதுக்கு இல்ல, சும்மா சொல்றேன். எங்க ஊருப் பக்கத்து பாலைவனத்துலயே அஃபோனோபெல்மா பலோமான்னு ஒண்ணு இருக்கு, அமெரிக்காலயே குட்டி டாரன்டுலா வகையில அது ஒண்ணு, ஒரு ரூவா காசுல மொத்த ஆளும் உக்காந்துரும். மழைக்காலம் முடிஞ்சு குளிர் தொடங்குறப்ப ஆம்பளைக பொண்ணு தேடி கெளம்பும், ஒரு நாள் காலைல வாக்கிங் போறப்ப கருப்பு எறும்பு கூட்டமோன்னு குனிஞ்சு பாத்தா எட்டுக் கால். போட்டோ எடுத்துட்டு வழிய விட்டுட்டு வந்துட்டேன்.

கரப்பான்னாலே_ஓட்டம்:

நான் ரெசிபி தேடி வந்தேன், கூகுள் என்னைய இங்க கொண்டாந்து விட்டிருக்கு. செல்லாத்தான்னு பேரு வச்சவருக்கு என் வணக்கம். தூக்கம் போச்சு.

நீலக்கால்_நேசன்:

எல்லாரும் பொந்துக்குள்ள போற ஆளையே சொல்றீங்க, ராசா ப்ரோ கேட்டது மொகம் காட்டுறது. டோலிகோதிலி டயமண்டினென்சிஸ் வாங்குங்க ப்ரோ, பேச்சே இல்ல. பிரேசில்ல மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்துல டயமண்டினான்னு ஒரு ஊரு, அங்க கெடச்சதால அந்த பேரு, 2009ல வேற ஜீனஸ் (பேரினம்) பேர்ல விவரிச்சாங்க, அப்புறம் மாத்திட்டாங்க. காலு பளபளன்னு நீலம், மயில் கழுத்து நீலம்னு சொல்வோம்ல அந்த நீலம், குட்டிலயே கலர் வந்துரும், எலிகன்ஸ் மாதிரி பூதக்கண்ணாடி வச்சு ரசிக்க வேணாம். ரெண்டு குச்சி, ஒரு மரப்பட்டை வச்சு விட்டீங்கன்னா ஒரே வாரத்துல டப்பா முழுக்க வலை, பட்டுத்துணி விரிச்ச மாதிரி, அதுக்கு மேல வந்து உக்காந்துக்கும். நான் ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வந்ததும் டீயோட அது முன்னாடிதான் உக்காருவேன்.

ஆனா ஸ்பீடு. சாமி, அந்த ஸ்பீடு. மூடிய தொறந்து ஈரத்துக்கு ரெண்டு சொட்டு தண்ணி விடுறதுக்குள்ள என் மணிக்கட்டுல இருந்துச்சு, மணிக்கட்டுன்னு நான் புரிஞ்சுக்கிறதுக்குள்ள முழங்கை. அரிக்கிற முடி இந்த வகைக்கு கிடையாது, அதனால பயந்தா அதுக்கு ஓடுறது ஒண்ணுதான் வழி. அன்னைலேர்ந்து டப்பாவ பெரிய பிளாஸ்டிக் டப்புக்குள்ள வச்சுதான் தொறப்பேன், ஓடினாலும் டப்புக்குள்ளதான் ஓடும்.

இன்னொரு விஷயம் மனசுல உறுத்தும், சொல்லிடுறேன். பிரேசில் அவங்க காட்டு உயிர வியாபாரத்துக்கு வெளிய விடுறதில்ல. அப்ப மொத ஜோடி எப்படி ஐரோப்பா வந்துச்சுன்னு கேட்டா யாரும் வாய தொறக்க மாட்டாங்க. இப்ப விக்கிறதெல்லாம் இங்கயே பொரிச்சதுதான், இருந்தாலும் தெரிஞ்சு வாங்குங்க.

எட்டுக்கால்_ராசா:

அடேங்கப்பா, ஒரே நாள்ல இவ்ளோ வரும்னு நெனக்கல, எல்லாருக்கும் நன்றி. அக்கா, உங்க மூணாவது கடுகு கதைய நாலு தடவ படிச்சேன். இன்னொரு கேள்வி, கூட்டமா வளர்க்கலாம்னு நியோஹோலோதிலி இன்சி பத்தி சொல்றாங்களே, ஒரே டப்பால பத்து சிலந்தி, நெசமா ஒண்ண ஒண்ணு தின்னாதா? அப்புறம் பூசணிக்கா கலர்ல ஹபலோபஸ்னு ஒண்ணு பாத்தேன், அதையும் யாராச்சும் சொல்லுங்க.

வலைக்காரி_டோர்ட்முண்ட்:

இன்சியும் ட்ரினிடாட், வெனிசுவேலா ஆள்தான். ஒரே முட்டைப் பொதியில பொரிச்ச சகோதரங்களை சின்னனில இருந்தே ஒண்டா விட்டா சேந்து இருக்குங்கள், நான் எட்டு வச்சிருந்தனான். ஒரு பூச்சியை மூண்டு பேர் சேந்து இழுத்துத் தின்னுறதைப் பாக்க கண் போதாது. ஆனா நடுவில வேற இடத்தில வாங்கின ஒண்டைக் கொண்டுபோய் விட்டன், அடுத்த நாள் காலுகள் மட்டும் கிடந்துது. சாப்பாடு குறைஞ்சாலும் அதுதான் கதி, கடைசியில எட்டில ஆறுதான் மிஞ்சினது. பெட்டி முழுக்க வலையாப் போடும், ஆரார் உயிரோட இருக்கினம் எண்டு எண்ணவே ஏலாது. ஆம்பிளையள் ஒரு வருசத்துக்குள்ளயே வயசுக்கு வந்திடுவினம், பிறகு ஒரு நாள் நீங்கள் கேக்காமலே முட்டைப் பொதி ஒண்டு இருக்கும். உங்கட ரூமுக்கு இது வேண்டாம் தம்பி.

சாண்ட்லர்_பாண்டி:

ஹபலோபஸ் கொலம்பியாக்காரன். கருப்பு வயித்துல ஆரஞ்சுப் பொட்டுகளா இருக்கும், அதான் பூசணித் தோட்டம்னு பேரு. பெருசு, சின்னதுன்னு ரெண்டு வகையா விப்பாய்ங்க, ஜெர்மன்காரங்க வச்ச பேர் அப்படியே நிக்குது, பெரிய வகை பத்து சென்டிமீட்டர் வரைக்கும் போகும், அது என்ன ட்வார்ஃபுன்னு எனக்கு இன்னும் வெளங்கல. நல்லா தின்னும், வெரசா வளரும், குட்டியா வாங்கினாலும் தப்பிச்சுக்கும். மொதல்ல குட்டி வகை வாங்குறவனுக்கு நெசமாவே இதான் சரி. ஆனா பொண்ணுன்னு சொல்லி வித்தா நம்பாத, எனக்கு ஒரு எக்ஸ்போல பொண்ணுன்னு குடுத்தாய்ங்க, அஞ்சாவது மாசம் தோல் உரிச்சு வெளிய வருது, மொகத்துக்கு முன்னாடி ரெண்டு குட்டிக் கையிலயும் பாக்சிங் கிளவுஸ் மாட்டின மாதிரி. வயசுக்கு வந்த ஆம்பள. அடுத்த ஏழெட்டு மாசத்துல போய் சேந்துட்டான். உரிச்ச தோல தூக்கிப் போடாத, சோப்புத் தண்ணில ஊறவச்சு வயித்துப் பகுதிய விரிச்சு லென்சுல பாரு, அதுலயே ஆணா பொண்ணான்னு தெரிஞ்சுரும், இந்த சைசுல கண்ணு வலிக்கும், அது வேற விஷயம்.

ராம்நாடு_பய:

அண்ணா, எங்க ஊரு ராமேஸ்வரம் பக்கம் புளியமரத்துல பெரிய சிலந்தி இருக்குமே, அத பிடிச்சு வளர்க்கலாமா? காசும் மிச்சம்.

நீலக்கால்_நேசன்:

தம்பி தயவுசெஞ்சு வேணாம். அது பொசிலோதேரியா ஹனுமவிலாசுமிகாவா இருக்கலாம், 2004ல ராமேஸ்வரத்துல இருந்துதான் விவரிச்சாங்க, பேரே அங்க இருக்கிற கோயில வச்சு. அழியிற நெலைல கடைசிப் படியில இருக்கு, பொசிலோதேரியா மொத்தமும் 2019ல இருந்து சைட்டிஸ் (அழியிற உயிர்கள நாடு விட்டு நாடு விக்கிறத கட்டுப்படுத்துற ஒப்பந்தம்) ரெண்டாம் பட்டியல்ல வந்தாச்சு. அதுவும் இல்லாம அது குட்டி வகையும் இல்ல, கடிச்சா நாள்கணக்குல தசை இழுத்துப் பிடிக்கும். மரத்துலயே பாரு, போட்டோ எடு, புளியமரத்த யாராச்சும் வெட்ட வந்தா தடுக்கப் பாரு. நாங்கெல்லாம் காசு குடுத்து டப்பால பாக்குறத நீ வீட்டு வாசல்ல பாக்குற.

எட்டுக்கால்_ராசா:

சரி முடிவு பண்ணிட்டேன், நீலக்கால் ப்ரோ கோச்சுக்காதீங்க, இந்த ரூம்ல அது ஓடினா நான் எங்க ஓடுறது. எலிகன்ஸ்தான். இங்கயே பொரிச்சு வளர்த்த ஒருத்தர்கிட்ட ரெண்டரை சென்டிமீட்டர்ல ஒண்ணு இருக்கு, சனிக்கிழமை போய் எடுக்கப் போறேன். பத்து சென்டிமீட்டர் டப்பா வந்துருச்சு, தேங்கா நார்த்தூள் கட்டி ஒண்ணு வாங்கி ஊறப்போட்டா வாளி நெறைய பொங்கிருச்சு, கவர திருப்பிப் பாத்தா ஸ்ரீலங்கான்னு போட்டிருக்கு. அக்கா, எத்தன சென்டிமீட்டர் ஆழம் மண்ணு போடணும்?

வலைக்காரி_டோர்ட்முண்ட்:

ஆறு ஏழு போடுங்கோ, அமத்திப் போடுங்கோ, இல்லாட்டி பொந்து இடிஞ்சு விழும். மூலையில பென்சிலால ஒரு குழி குத்தி விட்டா அதையே வீடாக்கிப் போடுவா. தண்ணிக்கு பெப்சி மூடி காணும். முதல் கிழமை சாப்பிடாட்டி ஏங்காதேங்கோ. பேர் என்ன வைக்கப் போறியள்?

எட்டுக்கால்_ராசா:

கடுகு.