சதுரப்பாய் வேண்டாம், குறுக்குப்பாய் என்போம்: பழைய பாய்மரக் கப்பல்களுக்கான சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய பாய்மரக் கப்பல்களுக்காக நாம் தொகுத்துவரும் தமிழ்ச் சொற்பட்டியலில் 'சதுரப்பாய்க் கப்பல்' என்ற சொல்லை ஏற்றிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். ஆங்கிலத்தில் 'ஸ்கொயர்' என்று இருப்பதால் சதுரம் என்று எடுத்துக்கொண்டோம். ஆனால் அந்த ஸ்கொயர் பாயின் வடிவத்தைக் குறிக்க வந்ததல்ல. பாயைத் தொங்கவிடும் கிடைமரம் கப்பலின் நீளவாட்டுக்குச் செங்கோணத்தில், அதாவது குறுக்காக நிற்கிறது என்பதுதான் அதன் பொருள். பாய் உண்மையில் சதுரமாக இருப்பது அபூர்வம். 1805இல் டிரஃபால்கர் கடற்போரில் ஆங்கிலேயத் தளபதி நெல்சனின் விக்டரி கப்பலில் கட்டியிருந்த ஒரு பாய் இன்றும் இருக்கிறது, முன் பாய்மரத்தில் கீழிருந்து இரண்டாவது பாய். மேல் விளிம்பு 54 அடி, கீழ் விளிம்பு 80 அடி, உயரம் 54 அடி, குண்டு துளைத்த ஓட்டைகள் ஏறக்குறைய 90. பள்ளிக்கூடக் கணக்கில் இதற்குப் பெயர் சரிவகம். இதைச் சதுரம் என்று ஒரு மாணவனுக்குச் சொல்லிக்கொடுத்தால் படத்தைப் பார்த்ததுமே குழம்பிப்போவான்.

என் பரிந்துரை குறுக்குப்பாய், அதற்கு இணையாக நெடுக்குப்பாய். குறுக்கும் நெடுக்கும் என்று தினமும் பேசுகிறோம், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முன்னும் பின்னுமாக, கப்பலின் நீளவாட்டிலேயே விரியும் பாய்தான் நெடுக்குப்பாய். நம் தோணிகளில் கட்டிய முக்கோணப் பாய்க்கும் சாய்ந்த நீளமான கிடைமரம் உண்டு, ஆனால் அது நெடுக்குவாட்டில் நிற்பது, அதனால் அதுவும் நெடுக்குப்பாய்தான். ஆகவே கிடைமரம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துப் பிரிக்க முடியாது, எந்தத் திசையில் நிற்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். இந்த இணை கையில் இருந்தால் பார்க் போன்ற கப்பல்களை விளக்குவதும் சுலபம்: பின் பாய்மரத்தில் நெடுக்குப்பாய் மட்டும், மற்ற மரங்களில் குறுக்குப்பாய். பார்க், பிரிக் என்ற வகைப்பெயர்களை அப்படியே எழுதிவிடலாம், அவற்றுக்கெல்லாம் புதுச்சொல் தேடிக் களைப்படைய வேண்டாம்.

இந்தப் பிரிவு பெயருக்காக மட்டும் இல்லை, கப்பல் ஓடும் விதமே மாறுகிறது. குறுக்குப்பாய் பின்னாலிருந்தோ பின்பக்கவாட்டிலிருந்தோ வரும் காற்றுக்கு அருமையானது. எதிர்க்காற்றில் அது திணறும், காற்று வரும் திசைக்கு ஏறக்குறைய 67 பாகைக்கு மேல் நெருங்கி ஓட முடியாது. நெடுக்குப்பாய் இன்னும் நெருங்கும். அதனால்தான் ஒரே திசையில் நாள்கணக்காக அடிக்கும் காற்றை நம்பிப் பெருங்கடலைத் தாண்டிய கப்பல்கள் குறுக்குப்பாயையும், கரையோரம் வளைந்து வளைந்து போக வேண்டியவை நெடுக்குப்பாயையும் விரும்பின.

அடுத்து அந்தக் கிடைமரம். இதற்குப் 'பருமல்' என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, தோணிக்காரர்கள் வாயில் புழங்கியது, அகராதியிலும் ஏறியது. பாயை மேலே ஏற்றும் கயிறு ஆஞ்சான், பாயின் கீழ்முனையை இழுத்துக் கட்டும் கயிறு தாமான். இவ்வளவு இருக்கும்போது 'ஏற்றுக்கயிறு', 'முனைக்கயிறு' என்று மேசையில் உட்கார்ந்து புதிதாகச் செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. தாமான் பாரசீகம் வழியாக வந்திருக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். வந்திருக்கட்டும். கடலோடிகள் சொற்களை எல்லாத் துறைமுகத்திலும் கொடுத்தும் வாங்கியும்தான் வாழ்ந்தார்கள். லஸ்கர்கள் எனப்பட்ட ஆசிய மாலுமிகளின் கப்பல் மொழியில் முன் பாய்மரம் 'திரிகட்', இரண்டாவது பாய் 'காவி', இரண்டும் போர்த்துகீசியத்திலிருந்து வந்தவை. அந்த மாலுமிகளோடு வேலை வாங்கப் பேசியாக வேண்டும் என்பதற்காகவே தாமஸ் ரோபக் 1811இல் கல்கத்தாவில் ஆங்கில-இந்துஸ்தானி கப்பல் அகராதி ஒன்றை வெளியிட்டார். நம் மீனவர் கையில் உழைத்துத் தேய்ந்த சொல்லை வேர் பார்த்துத் தள்ளுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

பாய்மரம் என்ற சொல்லில் சிக்கல் இல்லை. அதே பொருளில் 'கூம்பு' சங்கச்சொல்தான், ஆனால் வடிவியலில் அது வேறொன்றுக்கு நிலைத்துவிட்டது, அதைத் திரும்பப் பிடுங்க முடியாது. ஆனால் மூன்று மரங்களுக்கு முன்மரம், நடுமரம், பின்மரம் என்று பட்டியலில் இருப்பதை மாற்ற வேண்டும். பிரிக் கப்பலில் மரங்கள் இரண்டே, பின்னால் நிற்பதுதான் முதன்மையானது. அங்கே நடுமரம் என்ற பெயர் நிற்காது. எனவே முன் பாய்மரம், பெரும் பாய்மரம், பின் பாய்மரம். 'பெருமரம்' என்று சுருக்க வேண்டாம், அந்தப் பெயரில் நிஜ மரமே ஒன்று உண்டு.

இன்னொன்று, ஒவ்வொரு பாய்மரமும் பெரும்பாலும் ஒற்றை மரம் இல்லை. அடிமரம், அதன் தலையில் ஒட்டி மேலே போகும் இடைமரம், அதற்கும் மேல் நுனிமரம் என்று அடுக்கு. அவ்வளவு உயரத்துக்கு ஒரே மரம் கிடைப்பது கடினம் என்பது ஒரு காரணம். புயலில் மேல்துண்டு முறிந்தால் அதை மட்டும் மாற்றலாம், காற்று முற்றும் முன்பே கழற்றி இறக்கியும் வைக்கலாம்.

பாய்களின் அடுக்குக்கு வருகிறேன். இங்கே நமக்கு ஒரு புதையல் இருக்கிறது. புறநானூற்று 30ஆம் பாட்டில் 'கூம்பொடு மீப்பாய் களையாது' புகாருக்குள் நுழையும் பெருங்கலம் வருகிறது. பாய்மரத்தையும் மேற்பாயையும் கழற்றாமலே உள்ளே வரும் அளவுக்கு ஆழமான ஆற்றுமுகம் என்று உரை சொல்வார்கள். ஆங்கிலத்தில் டாப்செயில் என்று சொல்லும் இரண்டாவது பாய்க்கு 'மீப்பாய்' அச்சாகப் பொருந்துகிறது. அதையே வைப்போம். அடியில் இருப்பது அடிப்பாய். மூன்றாவதற்குக் கொடிப்பாய், நான்காவதற்கு முடிப்பாய் என்கிறேன். ஆங்கிலத்தில் ராயல் என்று இருப்பதால் 'அரசப்பாய்' என்று வந்த பரிந்துரையை விட முடிப்பாய் மேல், ஏனென்றால் முடி என்பதில் மகுடமும் வருகிறது, உச்சியும் வருகிறது. முதல், இரண்டாம், மூன்றாம் என்று எண் கொடுத்தால் போதும் என்ற யோசனை எனக்கும் முதலில் பிடித்தது, ஆனால் 1850களில் வணிகக் கப்பல்களில் பெரிய மீப்பாயை இரண்டாகப் பிரித்துத் தனித்தனிப் பருமலில் கட்டத் தொடங்கினார்கள், குறைந்த ஆட்களைக் கொண்டு கையாள்வதற்காக. எண் போட்டிருந்தால் அங்கே எல்லாம் இடம் மாறிவிடும். பெயர் இருந்தால் கீழ் மீப்பாய், மேல் மீப்பாய் என்று முடித்துவிடலாம்.

இனிக் கயிறுகள், ரொம்ப நாளாக இழுத்துக்கொண்டிருக்கும் பகுதி. விக்டரியில் மொத்தம் 26 மைல் கயிறு. எல்லாவற்றையும் 'கயிற்றமைப்பு' என்று ஒரே சொல்லில் அடைத்தால் முக்கியமான வேறுபாடு காணாமல் போகிறது. ஒரு வகை, பாய்மரத்தைப் பிடித்து நிறுத்துவது. தார் பூசிக் கறுப்பாக, விறைப்பாகக் கட்டியபடியே கிடக்கும். இன்னொரு வகை, கப்பிகளில் ஓடிப் பாயையும் பருமலையும் அசைப்பது, மாலுமி கை ஓயாமல் இழுப்பது. முதலாவதை நிலைவடம் என்றும் இரண்டாவதை ஓடுகயிறு என்றும் பிரிக்கலாம். தேர்வடம் பார்த்தவர்களுக்கு வடத்தின் பருமன் தெரியும், முன்னால் இழுத்துப் பிடிக்கும் பெரிய கயிறுகள் அந்த ரகம்தான்.

நிலைவடங்களில் பக்கவாட்டில் இறங்குபவை பக்கவடம், முன்னோக்கிப் போவது முன்வடம், பின்னோக்கிப் போவது பின்வடம். பக்கவடங்களுக்குக் குறுக்கே கட்டிய சிறு கயிறுகளில் கால் வைத்துத்தான் மேலே ஏறுவார்கள், அது படிக்கயிறு. பருமலின் கீழே தொங்க, பாய் சுருட்டும்போது நிற்கும் கயிறு மிதிகயிறு. 'வீங்குபிணி நோன்கயிறு' (இறுகக் கட்டிய வலிய கயிறு) என்று மதுரைக்காஞ்சியில் வருவதைக் காட்டிப் 'பிணி' என்றே வைக்கலாமே என்று எழுதியிருந்தார்கள். அழகான சொல், எனக்கும் ஆசைதான், ஆனால் இன்று பிணி என்றால் நோய் மட்டுமே நினைவுக்கு வரும்.

பக்கவடங்கள் மரத்துக்குச் சற்றுப் பின்னால் தள்ளித்தான் கட்டப்படும், பின்வடமும் பின்னோக்கியே இழுக்கும். பின்னாலிருந்து வரும் காற்றைத் தாங்கவே இந்த ஏற்பாடு. காற்று திடீரென்று திரும்பிப் பாயின் முன்முகத்தில் அறைந்தால் தாங்கிப் பிடிக்க முன்வடங்கள் மட்டுமே, மரமே முறியலாம். அகராதிக் குறிப்பில் இதை ஒரு வரியாவது சேர்க்க வேண்டும், இல்லையென்றால் முன்வடம், பின்வடம் வெறும் திசைப்பெயர்களாகிவிடும்.

பருமலை இடவலமாகத் திருப்பும் கயிற்றுக்குத் 'திருப்புகயிறு' என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன், திருப்தி இல்லை. இதற்கும், கப்பலின் முகப்பிலிருந்து சாய்வாக நீளும் மரத்துக்கும், பழைய சொல் தூத்துக்குடியிலோ யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையிலோ இருக்க வேண்டும். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் கிளாஸ்டர் வரை பாய் விரித்துப் போனது, அப்படிக் கட்டியவர்களும் ஓட்டியவர்களும் ஒவ்வொரு கயிற்றுக்கும் பெயர் வைத்திருப்பார்கள். குடும்பத்தில் அந்தத் தலைமுறைப் பெரியவர்கள் இருப்பவர்கள் தயவுசெய்து கேட்டு எழுதுங்கள், சொல்லோடு அந்தக் கயிறு எங்கே கட்டியிருந்தது என்பதையும் சேர்த்து. அதுவரை இந்த இரண்டையும் பட்டியலில் காலியாக விட்டுவைப்போம்.