புதுப்பிப்பு: சிகாகோவில் ஏப்ரலிலேயே நட்ட தக்காளி நாற்றுகள்

ஏப்ரலில் நான்கு நாள் தொடர்ந்து அடித்த வெயிலை நம்பி, பன்னிரண்டு தக்காளி நாற்றுகளை வெளியில் நட்டுவிட்டேன், அவை தாங்குமா என்று கேட்டிருந்தேன். தாங்கவில்லை. மே முதல் வாரத்தில் ஓர் இரவு உறைபனி இறங்கியது. காலையில் இலைகள் வேகவைத்த கீரையைப் போலக் கருத்துத் துவண்டு கிடந்தன. பழைய படுக்கை விரிப்பால் மூடியிருந்த மூன்று மட்டும் பிழைத்தன.

தவறு என்னுடையதுதான். எந்தப் பகுதியின் குளிர்காலத்தை எந்தச் செடி தாங்கும் என்று காட்ட அமெரிக்க வேளாண் துறை 2023-இல் வெளியிட்ட தாவர மண்டல வரைபடத்தைப் பார்த்துத் துணிந்தேன்; ஆனால் அது 1991 முதல் 2020 வரையிலான ஆண்டுகளின் மிகக் கடுங்குளிர் இரவுகளின் சராசரியைக் காட்டுகிறதே தவிர, வசந்தத்தின் கடைசி உறைபனி எப்போது வரும் என்பதைச் சொல்வதில்லை. மேலும், மிச்சிகன் ஏரியை ஒட்டிய தோட்டங்களில் வசந்தகாலப் பகல் குளிர்ந்திருந்தாலும், இரவில் உறைபனி விழுவது குறைவு. ஏரியிலிருந்து விலகி மேற்கே இருக்கும் எங்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

மண்ணின் வெப்பம் 16 டிகிரி செல்சியஸைத் தொட்ட பிறகு, மே கடைசியில் புதிய நாற்றுகளை நட்டேன். குளிரில் அடிபட்டுப் பிழைத்த மூன்றையும் அவை இப்போதே உயரத்தில் முந்திவிட்டன.