ஸ்கேன் ஆறு என்றது, ஊசிக்கு ஏழில்தான் கிடைத்தது

விரல்நுனி: "பருமனான கர்ப்பிணிக்கு அல்ட்ராசவுண்ட் பார்க்காமல் பிரசவ வலி தெரியாமலிருக்க முதுகில் எபிடியூரல் ஊசி போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு குத்துவது" என்று நேற்று ஒரு மேதாவி எழுதியிருந்தார். அப்போ முப்பது வருடமாக நான் ஆடியது கண்ணாமூச்சியா? போன மாதம் ஸ்கேன் பார்த்தோம், தோலிலிருந்து மருந்து போக வேண்டிய இடம் ஆறு சென்டிமீட்டர் ஆழம் என்றது. ஊசிக்கு ஏழில்தான் இடம் கிடைத்தது. இந்த லட்சணத்தில் வழிகாட்டியாம்!

வௌவால்: அந்த மேதாவி நான்தான், சார். முதுகில் வைக்கும் ஸ்கேன் ப்ரோபை அமுக்கிப் பிடித்தால் கொழுப்பு நசுங்கி ஆழம் குறைவாகத் தெரியும். அது மெஷினின் தப்பா, பிடித்த கையின் தப்பா?

விரல்நுனி: ஆறு என்றது. ஏழு இருந்தது.

வௌவால்: ஆழத்தை விடுங்கள். முள்ளெலும்பே விரலுக்குத் தட்டாத முதுகில் நடுக்கோட்டை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? 2000இல் வந்த எம்ஆர்ஐ ஆய்வில், இது எந்த முள்ளெலும்பு இடைவெளி என்று மயக்க மருத்துவர்கள் கையால் தடவிச் சொன்னதில் 29 சதவீதம்தான் சரி. பருமனானவர்களிடம் இன்னும் மோசம்.

விரல்நுனி: அந்த ஆய்வில் நான் இல்லை.

நடுராத்திரி: ஒரு நிமிடம். ஸ்கேன் என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? முதலில் பார்த்துப் பேனாவால் குறி போடுவதையா, ஊசி உள்ளே போகப் போகப் பார்ப்பதையா?

விரல்நுனி: எதுவானால் என்ன? ஏழு ஏழுதான். லாஸ் ஆஃப் ரெசிஸ்டன்ஸ் என்று ஒன்று இருக்கிறதே, ஊசி சரியான இடத்துக்குள் நுழைந்ததும் சிரிஞ்சை அழுத்தும் கட்டைவிரலுக்குத் தடை சட்டென்று விட்டுக்கொடுக்குமே, அது உங்கள் திரையில் தெரியுமா? அப்புறம், வௌவால் என்பதெல்லாம் ஒரு பெயரா?

வௌவால்: குறுக்காக ஸ்கேன் பார்த்தால் முதுகெலும்பு சிறகு விரித்த வௌவால் மாதிரி இருக்கும். பார்த்தவர்களுக்குத் தெரியும்.

விரல்நுனி: தம்பி, நீங்கள் பிறப்பதற்கு முன்பே எபிடியூரல் போடும் டூயி ஊசியைப் பிடித்தவன் நான்.

இரண்டாம்பிரசவம்: நான் டாக்டர் இல்லை. நூற்றுப் பத்து கிலோ. ஐந்து இடத்தில் குத்தினார்கள். ஒவ்வொரு வலிக்கும் நடுவில் "அசையாதீங்கம்மா" என்றார்கள். ஸ்கேன் பார்த்திருந்தால் குறைந்திருக்குமா?

வௌவால்: பெரும்பாலும் குறைந்திருக்கும், அக்கா. இதைத்தான் சொல்கிறேன்.

விரல்நுனி: போட்டவர் கை சரியில்லை, அவ்வளவுதான்.

நடுராத்திரி: நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. இன்னொன்று, மருந்து போகும் மெல்லிய குழாயான கதீட்டரை, அவர் உட்கார்ந்திருக்கும்போதே முதுகில் ஒட்டாதீர்கள். படுத்ததும் சதை நகர்ந்து வெளியே இழுத்துவிடும்.

விரல்நுனி: பிளாஸ்டர் ஒட்ட எனக்குப் பாடமா? வௌவாலுக்கு ஒரே கேள்வி. ஆறா, ஏழா?

வௌவால்: அமுக்காமல் அளந்துவிட்டு வந்து கேளுங்கள்.

விரல்நுனி: பார்த்தீர்களா, பதில் இல்லை.