சனிக்கிழமை ராத்திரி என்ன படம்? (பாட்டி வீட்டுக் குழு)

நான்: பள்ளி விடுமுறைக்கு எல்லாரும் சுங்கை சிப்புட் வர்றீங்கதானே? சனிக்கிழமை ராத்திரி பையன்களோட உக்காந்து ‘ஜகாட்’ பாக்கலாமா?

பெரியம்மா: தமிழ்நாட்டுப் படமாம்மா?

நான்: நம்ம மலேசியப் படம் பெரியம்மா. சஞ்சய் குமார் பெருமாள் எடுத்தது, 2015 டிசம்பர்ல வந்துச்சு. அப்போய்னு 12 வயசுப் பையன். எஸ்டேட் தோட்டத்த விட்டு வெளிய வந்த குடும்பம், 1990கள்ல நடக்குற கதை.

கிள்ளான் அண்ணன்: 2016 மலேசியத் திரைப்பட விழாவுல சிறந்த மலேசியப் படம் விருது வாங்குச்சே. மலாய்ல இல்லாத படத்த தனிப் பிரிவுல போடுறதான்னு அந்த வருஷம் பெரிய சண்டையே நடந்துச்சு. நல்ல படம்.

அக்கா: நல்ல படம்தான், இல்லேங்கல. ஆனா பையன்களுக்கு வேணாம். கேங்கு, கெட்ட வார்த்தை, வெட்டுக்குத்து. பெரியவனுக்கு இப்பதான் 13.

கிள்ளான் அண்ணன்: அவன் போன்ல இதவிட மோசமானதெல்லாம் ஓடுது.

அக்கா: அதுக்காக நாமளே போட்டுக் காட்டணுமா?

நான்: கேங்க தூக்கிப் புடிக்கிற படம் இல்லக்கா. ஒரு சின்னப் பையன் கொஞ்சம் கொஞ்சமா எப்படி நழுவுறான்னு காட்டுற படம். அவனுக்கு முன்னால நிக்கிற ஆம்பளைங்க மூணு பேரு. அப்பா மணியம், அவரு கூடப் பொறந்த ரெண்டு பேரு: கேங்குல இருக்குற துரை, போதையில விழுந்து எழுந்த பாலா. மூணு பேருக்கும் அவன் மேல பாசம் இருக்கு. ஆனா ஒருத்தர் கையிலயும் அவனுக்குக் காட்ட ஒரு வழி இல்ல. அதப் பாக்கத்தான் எனக்கு வயித்தக் கலக்குச்சு.

பெரிய மாமா: அது எங்க கதைம்மா. நாங்க குடியிருந்த ரப்பர் தோட்டத்த அதோட முதலாளி வித்து, அங்க வீடு கட்ட ஆரம்பிச்சப்ப எனக்கு 14 வயசு. லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல இருந்தப்ப யாரு வீட்டுப் பையன் தப்பு பண்ணாலும், மத்தியானம் ரப்பர் பால் நிறுக்குற இடத்துலயே அப்பா காதுக்குப் போயிடும். வெளிய வந்து பலகை வீட்டுல குடியேறுனோம். அப்பா ராத்திரி செக்யூரிட்டி கார்டு வேலை, அம்மா ஃபேக்டரி ஷிஃப்டு. எங்கள யாரு பாத்தா? முச்சந்தியில நின்ன அண்ணனுங்கதான். “சாப்டியாடா”ன்னு கேப்பானுங்க. வீட்டுல அப்படிக் கேக்க ஆளு இருக்காது. எங்கூட ஒண்ணா பள்ளிக்கு நடந்தவன் அந்தப் பக்கம் போனான். 19 வயசுல வெட்டிட்டாங்க.

பெரியம்மா: அவங்கம்மா இன்னும் கோயிலுக்கு வருது. என்னப் பாத்தா கையப் புடிச்சிக்கும்.

(கொஞ்ச நேரம் யாரும் எதுவும் போடல)

அக்கா: ஒண்ணு சொல்றேன், யாரும் அவங்கிட்ட கேட்டுடாதீங்க. போன வாரம் பெரியவன் கையில மைலோ ஐஸ் பொட்டலத்தோட வந்தான். காசு ஏதுடான்னேன். மோட்டார்ல வர்ற அண்ணனுங்க வாங்கித் தந்தாங்களாம். உங்க அத்தான் ரோத்தான் பிரம்ப எடுத்துட்டாரு. அதுலேர்ந்து அவன் எங்ககூட முகம் கொடுத்துப் பேசுறதில்ல. சோறு போட்டா தட்ட எடுத்துக்கிட்டு ரூமுக்குப் போயிடுறான்.

நான்: அக்கா, மணியமும் கெட்ட அப்பா இல்ல. புள்ள படிச்சு மேல வரணும்னு உசிர விடுறவரு. வீட்டுலயே ரெண்டு பேரு கெட்டத கண்ணால பாத்த பயத்துலதான் கை ஓங்குறாரு. அவரு ஓங்க ஓங்க, பையன் கண்ணு துரை மேலதான் போகுது. பையன்களவிட நாமதான் இந்தப் படத்தப் பாக்கணும். அவனுங்களத் தனியா விட்டுட்டு இல்ல, பக்கத்துல உக்காந்து.

பெரிய மாமா: சரியாச் சொன்னே. நடுவுல நிறுத்தி அட்வைஸ் மட்டும் வேணாம். முடிஞ்சப்புறம் அவனுங்க கேட்டா நான் எங்காலத்துக் கதையச் சொல்றேன். கேக்கலேன்னா விட்டுடுவோம்.

அக்கா: நான் மொதல்ல இன்னிக்கு ராத்திரி முழுசா பாத்துடுறேன். அப்புறம் சொல்றேன். 10 வயசு சின்னவன் மட்டும் பெரியம்மாகூட படுத்துக்கட்டும்.

பெரியம்மா: சரிம்மா, அவனுக்கு நான் கதை சொல்றேன்.

அத்தான்: எல்லாம் படிச்சேன். சனிக்கிழமை ஓவர்டைம் இருக்கு, வேற ஆளு பாத்து மாத்திக்கிறேன். நானும் வர்றேன்.

அக்கா: அவன வாடான்னு நீங்களே கூப்பிடுங்க. நான் சொன்னா வரமாட்டான்.

அத்தான்: சரி. வேலைக்குப் போறதுக்கு முன்னாடி நாளைக்குக் காலையில அவன நானே பள்ளிக்குக் கொண்டுபோய் விடுறேன். வழியில கேக்குறேன்.